கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் வரை ஒன்பது சைக்கிள்கள்

(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு விழா ஒன்றுகூடலில் ஆற்றப்பட்ட உரை)





ஒலிவாங்கிக்கு முன்னால் நிற்பது எங்களில் ஒருத்திதான். ஆனால் இந்தப் பேச்சை ஒன்பது பேரும் சேர்ந்து எழுதினோம். ஒரு வசனத்துக்காக மூன்று நாட்கள் வாட்ஸ்அப்பில் சண்டை பிடித்திருக்கிறோம். ஆகவே குறையேதும் இருந்தால் ஒருத்தியை மட்டும் பிடித்துக் கேட்காதீர்கள்.

2023 ஆகஸ்ட் முதல் வாரத்தில் நாங்கள் கொழும்பிலிருந்து யாழ்ப்பாணத்துக்குச் சைக்கிளில் வந்தோம். ஆறு நாட்கள். ஏறத்தாழ 400 கிலோமீற்றர். நால்வர் யாழ்ப்பாணத்தில் இருப்பவர்கள், இருவர் கொழும்பு, இருவர் லண்டன், ஒருத்தி ரொறன்ரோ. எங்களில் இளையவளுக்கு வயது 34, மூத்தவருக்கு 66. வன்னியில் தூர இடங்களிலிருந்து நடந்து பாடசாலைக்கு வரும் பெண்பிள்ளைகளுக்கு நூறு சைக்கிள்கள் வாங்கிக் கொடுப்பது நோக்கம்.

"இந்த வயதில் இது எதற்கு? காசைச் சேர்த்து அனுப்பிவிட்டால் போதாதா?" என்று பலர் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். எங்கள் வீடுகளிலும் அதையே கேட்டார்கள். நாங்கள் வழக்கம்போல இரவு விருந்தும் சீட்டிழுப்பும் வைத்திருந்தால் இதே பணம் வந்திருக்கக்கூடும். ஆனால் எங்கள் தலைமுறைக்குச் சைக்கிள் என்பது வெறும் வாகனம் அல்ல. அதைக் கொஞ்சம் விளக்கிச் சொன்னால்தான் இங்கே முன்வரிசையில் இருக்கும் மாணவிகளுக்கு விளங்கும்.

எங்களில் மூத்தவர் இதே கல்லூரியில் படித்து, பிறகு ஆசிரியையாகக் கடமையாற்றியவர். சிறுமியாக இருந்த காலத்தில் அவருடைய தகப்பனார் அவரைச் சைக்கிள் பழக விடவில்லை. அடக்கமான பெண்பிள்ளை பஸ்ஸில் போவாள் என்பது அவருடைய எண்ணம். 1990 ஜூனில் மறுபடி யுத்தம் தொடங்கியது. குடாநாட்டுக்கு மின்சாரம் இல்லை, பெற்றோல் இல்லை, பஸ்ஸும் இல்லை. அப்போது அவருக்கு 33 வயது, இரண்டு பிள்ளைகளின் தாய். இரவில், யாரும் பார்க்காத நேரத்தில், கோயில் வெளிவீதியில் கணவர் பின்னால் பிடித்துக்கொண்டு வர, சைக்கிள் பழகினார். மூன்றாம் நாள் முழங்காலில் கட்டுடன் பள்ளிக்கூடம் வந்தாராம். இரண்டு மாதத்தில் சேலை உடுத்தபடி, கரியரில் ஒரு பிள்ளையும் முன்னால் ஒரு பிள்ளையுமாக வந்துகொண்டிருந்தார். அதே தகப்பனார் காலையில் எழுந்து மகளின் சைக்கிளுக்குக் காற்று அடித்து வைப்பாராம்.

அந்த வருடங்களில் சைக்கிள்தான் எங்களுக்கு எல்லாமாக இருந்தது. விறகு வந்தது சைக்கிளில். நோயாளி ஆஸ்பத்திரிக்குப் போனது சைக்கிளில். பற்றரிகூட வரத் தடை இருந்ததால், சைக்கிளை ஸ்ராண்டில் ஏற்றி நிறுத்தி, ஒருவர் பெடலைச் சுற்ற, டைனமோ மின்சாரத்தில் வானொலி கேட்போம். பிபிசி தமிழோசை முடியும் வரை பெடல் சுற்றுவது வீட்டில் சிறுவர்களின் கடமை. சுற்றுகிறவன் களைத்தால் செய்தியும் களைத்துவிடும்.

இனிப் பயணத்துக்கு வருவோம்.

முதலில் நாங்கள் போட்ட திட்டம் யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு ஓடுவது. கல்லூரி வாசலில் தொடங்கினால் படத்துக்கு அழகாக இருக்கும் என்று நினைத்தோம். எங்கள் சைக்கிள்களைத் திருத்தித் தந்த சைக்கிள்கடை ஐயாவிடம் சொன்னபோது அவர் சிரித்தார்.

"பிள்ளையள், ஆவணியில சோளகம் வீசும். தெற்க பாத்து ஓடினா அது முகத்திலதான் அடிக்கும். கொழும்பில இருந்து வாங்கோ. காத்து முதுகில பிடிச்சுத் தள்ளிவிடும்."

பட்டம் பெற்ற ஒன்பது பேருக்கும் இது தோன்றவில்லை. திட்டத்தைத் திருப்பிப் போட்டோம். ஐயாவையும் விடவில்லை. ரியூப், ஒட்டுப் பெட்டி, செயின், பெடல், பம் எல்லாவற்றுடனும் வானில் எங்கள் பின்னால் வந்தார். ஆறு நாட்களில் பதினொரு ஒட்டுப் போட்டார். ஒவ்வொரு ஒட்டுக்கும் ஒரு பிளேன்ரீ என்பது ஒப்பந்தம்.

பயிற்சி நான்கு மாதம். யாழ்ப்பாணத்து நால்வரும் பண்ணைப் பாலத்தால் வேலணைப் பக்கம் போய்த் திரும்புவார்கள். அங்கே காற்று எந்தப் பக்கம் போனாலும் எதிராகவே வீசுவதுபோல இருக்கும், நல்ல பயிற்சி. கொழும்புக்காரர் இருவரும் விடியற்காலையில் தியவன்னா ஓயாவைச் சுற்றினார்கள். லண்டன்காரர் மழையில் ஓடினார்கள். ரொறன்ரோக்காரி உடற்பயிற்சி நிலையத்தில் நிற்கிற சைக்கிளிலேயே நூற்றுக்கணக்கான கிலோமீற்றர் ஓடி முடித்துவிட்டு வந்து, வத்தளைச் சந்தியில் முதல் முச்சக்கர வண்டியைக் கண்டதும் இறங்கி நின்றுவிட்டாள். நிற்கிற சைக்கிளுக்கு முன்னால் முச்சக்கர வண்டி வருவதில்லை.

காலை நாலு மணிக்குப் புறப்பட்டபடியால் விடிவதற்குள் நகர நெரிசலைத் தாண்டிவிட்டோம். நீர்கொழும்பு, மாரவில, சிலாபம். வழி நெடுகத் தென்னந்தோட்டம், இடைக்கிடையே தேவாலயம். முன்னேஸ்வரத்தில் கும்பிட்டுவிட்டு அன்றிரவு சிலாபத்தில் தங்கினோம். மறுநாள் புத்தளம் வரை மட்டும்தான், 50 கிலோமீற்றருக்குச் சற்று அதிகம். முதல் நாளில் அடைந்த நோவுக்கு அது போதும். எந்த இடத்தில் நோவு என்பதைச் சபையில் சொல்வதற்கில்லை. இனிமேல் போகிறவர்கள் சீற்றை மட்டும் நல்லதாக வாங்குங்கள் என்று சொல்லி வைக்கிறோம்.

வழியில் இளநீர் விற்ற ஒரு சிங்களத் தாயார் எங்கள் மூத்தவரின் கையைப் பிடித்து வயது எவ்வளவு என்று கேட்டார். சொன்னதும் ஒன்பது தெம்பிலிக்கும் காசு வாங்க மறுத்துவிட்டார். கொடுத்தே தீருவோம் என்று நாங்கள் நிற்க, அவர் அந்தக் காசை எங்கள் உண்டியலிலேயே போட்டார். கணக்கில் அது "மாதம்பை, இளநீர்" என்று எழுதப்பட்டிருக்கிறது.

புத்தளத்தில் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு எங்களுக்குள் பெரிய சண்டை ஒன்று வந்தது. மூன்று நாள் வாட்ஸ்அப்பில் வாதாடியது இதைச் சொல்வதா விடுவதா என்றுதான். சொல்வது என்று முடிவாயிற்று.

பணம் கேட்டு வெளிநாடுகளுக்கு அனுப்பிய கடிதத்தை லண்டனில் இருக்கும் எங்கள் தோழி எழுதியிருந்தாள். 1988 இல் நாட்டை விட்டுப் போனவள். அதை நாங்கள் முன்னமே ஒழுங்காக வாசிக்கவில்லை, அது எங்கள் பிழை. அன்றிரவுதான் இளையவள் உரத்து வாசித்தாள். "செருப்பும் இல்லாமல் கண்ணீரோடு நடக்கும் அநாதரவான சிறுமிகள்" என்று அதில் இருந்தது. கூடவே ஒரு பிள்ளையின் படம். அந்தப் பிள்ளையிடமோ தாயிடமோ கேட்டு எடுத்த படம் அல்ல.

எங்களில் ஒருத்தி வன்னியில் பல வருடம் படிப்பித்தவள். "இந்தப் பிள்ளை என்ர வகுப்புப் பிள்ளையா இருந்தா, நாளைக்கு இவளை மற்றப் பிள்ளையள் என்னெண்டு கூப்பிடுவினம்?" என்று கேட்டாள். லண்டன் தோழிக்குக் கோபம் வந்துவிட்டது. "அங்க குளிருக்குள்ள கதவு கதவாத் தட்டிக் காசு சேர்க்கிறது நான். இப்படி எழுதினாத்தான் தருகினம். வந்த காசில முக்கால்வாசி இந்தக் கடிதத்துக்குத்தான் வந்தது" என்றாள். அதுவும் உண்மை. பிறகு பேச்சு கடிதத்தை விட்டு வேறெங்கோ போனது. யார் இருந்தார்கள், யார் போனார்கள், யார் எதைக் கண்டார்கள் என்று. முப்பது வருடமாக ஒவ்வொரு ஒன்றுகூடலிலும் சோறு பரிமாறிக்கொண்டே பேசாமல் விட்ட விஷயங்கள் எல்லாம் அந்த விடுதி மண்டபத்தில் வெளியே வந்தன. அழுதவர்களும் உண்டு. மூத்தவர் கடைசியில் எழுந்து, "நாளைக்கு எழுபத்தைஞ்சு கிலோமீற்றர் இருக்கு. படுங்கோ" என்று விளக்கை அணைத்துவிட்டார். அவரிடம் படித்தவர்கள் எங்களில் நாலு பேர். மறுபேச்சில்லை.

மறுநாள் அநுராதபுரம் வீதியில் யானை கடக்கும் இடம் என்று பலகை போட்ட காட்டுப் பகுதியில் சேர்ந்து ஓட வேண்டும், தனியே பிரியக் கூடாது என்பது விதி. கோபித்துக்கொண்ட இருவரும் வேறு வழியின்றிப் பக்கத்தில் பக்கத்தில் ஓடினார்கள். காலா ஓயாப் பாலம் வரை ஒரு சொல் இல்லை. நொச்சியாகமையில் ஒருத்தியின் செயின் கழன்றபோது மற்றவள் இறங்கிப் பூட்டிவிட்டாள். அன்று மாலையே கடிதத்தை இருவருமாகத் திருத்தி எழுதினார்கள். படம் நீக்கப்பட்டது. பிள்ளைகள் எவ்வளவு தூரம் வருகிறார்கள், பஸ் எத்தனை மணிக்கு, சைக்கிள் என்ன விலை என்பதை மட்டும் எழுதினோம். புதிய கடிதத்துக்குப் பணம் குறைவாகவே வந்தது. அதையும் உங்களுக்குச் சொல்லத்தான் வேண்டும்.

நாலாம் நாள் மதவாச்சி வழியாக வவுனியா. வவுனியாவில் பழைய மாணவிகள் சிலர் புட்டும் மீன் குழம்பும் சமைத்துக் காத்திருந்தார்கள். அவர்களுக்கு எங்கள் நன்றி. அந்தப் புட்டு இல்லாவிட்டால் ஐந்தாம் நாள் இல்லை.

ஐந்தாம் நாள்தான் கஷ்டமான நாள். ஓமந்தையைத் தாண்டும்போது எல்லோரும் தாமாகவே மெதுவாகினோம். அந்த இடத்தில் பொதிகளைத் திறந்து காட்டிக்கொண்டு மணித்தியாலக் கணக்கில் வெயிலில் நின்றவர்கள் எங்களில் ஐந்து பேர். 2002 இல் பாதை திறந்தபோது அந்த வழியால் முதல் தடவையாகக் கொழும்புக்குப் போனவர்களும், 2006 ஆகஸ்டில் பாதை மூடப்பட்டபோது திரும்பி வர முடியாமல் கொழும்பில் அகப்பட்டவளும் இருக்கிறோம். இப்போது வாகனங்கள் நிற்காமல் பறக்கின்றன.

புளியங்குளம் தாண்டியதும் ரொறன்ரோக்காரிக்குத் தலை சுற்றியது. வேர்வை நின்றுவிட்டது, வாந்தி வந்தது. எங்களில் ஒருத்தி தாதி. உடனே நிழலில் கிடத்தி, ஈரத்துணி போட்டு, சீவனீ கரைத்துக் கொடுத்து, "இனி ஓடேலாது, வானில ஏறு" என்று சொல்லிவிட்டாள். ஏறவே மாட்டேன் என்று அவள் பிடித்த அடம் சின்னப்பிள்ளைகள்கூடப் பிடிக்க மாட்டார்கள். காரணம் இதுதான். நன்கொடையாளர் பலர் கிலோமீற்றருக்கு இவ்வளவு என்று வாக்களித்திருந்தார்கள். தான் ஏறினால் அந்தக் காசு போய்விடும், யாருக்கோ ஒரு சைக்கிள் குறைந்துவிடும் என்று அழுதாள். "ஒருத்தருக்கும் தெரியவராது, நாங்கள் சொல்ல மாட்டோம்" என்று எங்களில் ஒருத்தி சொன்னாள். யார் என்று சொல்ல மாட்டோம். மாங்குளம் வரை 17 கிலோமீற்றர் அவள் வானில் வந்தாள். அங்கே இரண்டு மணித்தியாலம் படுத்து எழும்பி, தாதி தலையசைத்த பிறகு மறுபடி ஏறி ஓடினாள்.

அந்த 17 கிலோமீற்றரை என்ன செய்வது என்று அன்றிரவு கிளிநொச்சியில் கூடினோம். நல்ல காரியத்துக்குத்தானே, விட்டுவிடலாம் என்று சிலர். கல்லூரியின் பெயரில் கேட்ட காசு, கணக்கு கணக்காக இருக்கவேண்டும் என்று சிலர். கடைசியில் வாக்களித்த எல்லோருக்கும் நடந்ததை எழுதினோம். அநேகமாக எல்லோரும் "அதை விடுங்கள்" என்று முழுத்தொகையையும் அனுப்பினார்கள். ஒரேயொருவர் மட்டும் சரியாக 17 கிலோமீற்றருக்கு உரியதைக் கழித்துக்கொண்டு மீதியை அனுப்பினார். எங்கள் கணித ரீச்சரிடம் படித்தவர் என்பதில் ஐயமில்லை.

முறிகண்டியைச் சொல்ல மறந்துவிட்டோம். முறிகண்டியில் நிற்காமல் யார் போவார்? பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தோம், கச்சான் வாங்கினோம். ஐயா மட்டும் வானுக்கும் ஒன்று, ஒட்டுப் பெட்டிக்கும் ஒன்று என்று இரண்டு தேங்காய் உடைத்தார்.

கடைசி நாள். பரந்தன் கழிந்து ஆனையிறவு. இரு பக்கமும் நீரேரி, நிழல் என்று ஒன்றும் இல்லை. அதுவரை முதுகில் தள்ளிக்கொண்டு வந்த சோளகம், இயக்கச்சி தாண்டி வீதி மேற்கே வளைந்ததும் இடப்பக்கக் கன்னத்தில் அறையத் தொடங்கியது. பளையிலிருந்து கொடிகாமம் வரை தலையைக் குனிந்தபடியே ஓடினோம். பனங்காட்டைக் கண்டதும் வேகம் வரும் என்று நினைத்தோம். வரவில்லை. சாவகச்சேரியில் ஆளுக்கு இரண்டு வடை சாப்பிட்ட பிறகுதான் வந்தது.

நாவற்குழிப் பாலம் வருமுன் எங்களில் ஒருத்தி ஒன்றும் சொல்லாமல் இறங்கிச் சைக்கிளை உருட்டத் தொடங்கினாள். 1995 ஒக்ரோபர் 30 இரவு, வலிகாமம் முழுவதும் எழும்பி நடந்தபோது, அவளுக்குப் பதினாறு வயது. கரியரில் அம்மம்மாவை இருத்தி, ஹான்டிலில் இரண்டு பை தொங்க, மழைக்குள் அந்தப் பாலத்துச் சனத்துக்குள்ளே சைக்கிளை உருட்டிக்கொண்டு வெளியே போனவள். இந்தப் பாலத்தை எத்தனையோ தடவை பஸ்ஸில் கடந்துவிட்டாள். சைக்கிளோடு கடப்பது அதற்குப் பிறகு இதுதான் முதல் தடவை. நாங்களும் இறங்கினோம். லண்டன் தோழி போய் அவளுடைய சைக்கிளின் கரியரில் கையை வைத்தாள். பாலம் முடியும் வரை கையை எடுக்கவில்லை. பின்னால் வந்த லொறிக்காரர் ஒருவர் நீளமாக ஹோர்ன் அடித்தார். ஐயா வானைக் குறுக்கே விட்டு அவரை மறித்துவிட்டார்.

கல்லூரி வாசலில் பாண்ட் வாத்தியத்தோடு வரவேற்ற மாணவிகளுக்கும், மயங்கி விழுவோமோ என்று அம்புலன்ஸை ஒழுங்குபண்ணி வைத்த அதிபருக்கும் எங்கள் நன்றி. அம்புலன்ஸ் தேவைப்படவில்லை. மூத்தவர் அதில் ஏறியிருந்து படம் எடுத்துக்கொண்டார்.

இனிக் கணக்கு. நூறு புதிய சைக்கிள் என்று தொடங்கினோம். 2022 நெருக்கடியில் ரூபா விழுந்து, பெற்றோல் இல்லாமல் எல்லோரும் சைக்கிள் தேட, விலை ஏறிய ஏற்றம் உங்களுக்குத் தெரியும். வந்த பணத்துக்கு 64 புதிய சைக்கிள்கள்தான் வாங்க முடிந்தது. அப்போது ஐயா சொன்ன யோசனைதான் எங்களைக் காப்பாற்றியது. யாழ்ப்பாணத்தில் எத்தனை வீட்டுக் கொட்டில்களில், வெளிநாடு போன பிள்ளைகளின் சைக்கிள்கள் துருப்பிடித்துக் கிடக்கின்றன? கேட்டு வாங்கினோம். சில்லு மாற்றி, வர்ணம் பூசி 36 சைக்கிள்களை அவர் எழுப்பித் தந்தார். சில வீடுகளில் மகளின் சைக்கிளைக் கொடுக்க மனமில்லாமல் திண்ணையில் நின்று தடவிக்கொண்டே இருந்த தாய்மாரையும் கண்டோம். ஒரு தாய் தரவில்லை. நாங்களும் வற்புறுத்தவில்லை.

மாங்குளம் முல்லைத்தீவு வீதிக்கு உள்ளே இருக்கும் இரண்டு பாடசாலைகளுக்கு அவற்றைக் கொடுத்தோம். மேடை, பதாகை, மாலை ஒன்றும் வேண்டாம் என்று அந்த அதிபர்களில் ஒருவர் முன்னரே கேட்டிருந்தார். புத்தளத்துச் சண்டைக்குப் பிறகு எங்களுக்கும் அது விளங்கியிருந்தது. ஒரு சனிக்கிழமை காலை, ஐயா மாணவிகளை நிலத்தில் இருத்தி ரியூப்புக்கு ஒட்டுப் போடவும், செயின் பூட்டவும் பழக்கினார். ஒட்டுப் போடத் தெரிந்தால்தான் சைக்கிள் சொந்தம், இல்லாவிட்டால் அது கடைக்காரனுக்குச் சொந்தம் என்பது அவருடைய கட்சி. ஒவ்வொரு பாடசாலைக்கும் ஒரு பம்மும் ஒரு பெட்டிச் சாமானும் விட்டு வந்தோம்.

எங்கள் பெருமையெல்லாம் இறங்கியதும் அன்றைக்குத்தான். புதிய சைக்கிள்களில் விலையைக் குறைப்பதற்காகக் கரியர் இல்லாமல் வாங்கியிருந்தோம். ஒன்பது பேர் கூடி எடுத்த முடிவு. எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி தன் சைக்கிளைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு மூத்தவரிடம் வந்தாள்.

"ரீச்சர், தங்கச்சியை எங்க ஏத்திறது?"

அந்தப் பிள்ளை இதுவரை ஆறு கிலோமீற்றர் தங்கையின் கையைப் பிடித்து நடந்து வந்தவள். இரண்டு பிள்ளைகளைச் சைக்கிளில் ஏற்றித் திரிந்த எங்கள் ரீச்சரால் பதில் சொல்ல முடியவில்லை. அன்று மத்தியானமே ஐயா கிளிநொச்சிக்குப் போய்க் கிடைத்த கரியர்களை வாங்கி வந்தார். பதினாலுதான் கிடைத்தது. தங்கை, தம்பி இருக்கிற பிள்ளைகளுக்கு முதலில் பூட்டினோம். மிச்சம் ஐம்பதும் அடுத்த மாதம் பூட்டி முடிந்தது. அந்தச் செலவு முதற் கணக்கில் இல்லை, எங்கள் ஒன்பது பேரின் கைக்காசு. பற்றுச்சீட்டு பொருளாளரிடம் இருக்கிறது, விரும்பியவர்கள் பார்க்கலாம்.